ஆறாவது வரி: ரோமிங் ஆன்

ஜூன் 11, புதன்

காலையிலிருந்து மழை. அங்கன்வாடிக்குப் பதினாலில் ஆறு பிள்ளைகள். கஞ்சி, பயறு. மத்தியானம் சூப்பர்வைசர் மேடத்திடம் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம்: மகன் ஆஸ்பத்திரியில். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். மலேசியா என்றதும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு நாளாக இந்த நோட்டைத் தொடவில்லை. பதினெட்டு வருஷமாக எடை, உயரம், தடுப்பூசி என்று எழுதிப் பழகிய கை. எழுதாமல் இருந்தால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நடந்தது இது. திங்கள் சாயந்தரம் வினோத் குடோன் வேலை முடிந்து பைக்கில் போகும்போது லாரி இடித்துவிட்டது. தலையில் அடி. இன்னும் கண் திறக்கவில்லை. மூச்சு மிஷினில் ஓடுகிறது. சொன்னது சுருளி. வினோத்தோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன், போடிக்காரன். "அம்மா, நீங்க ஒருதடவ வந்துட்டா நல்லதும்மா" என்றான். அந்த 'நல்லது' எனக்குப் புரிந்தது. என் வீட்டுக்காரர், இவருக்கும் புரிந்தது.

பாஸ்போர்ட் என்னிடம் மட்டும்தான். இவருக்கு இல்லை. தோட்டத்து லைனில் பிறந்தவர், பிறந்ததற்கு ஒரு காகிதம் கிடையாது. வில்லேஜ் ஆபீஸ், தாலுகா ஆபீஸ் என்று செருப்புத் தேய நடந்துவிட்டு விட்டுவிட்டார். ஆக நான் தனியாக. வெள்ளி இரவு நெடும்பாசேரியில் விமானம். வினோத்தின் கம்பெனியில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள்.

இவர் காலையிலிருந்து சாப்பிடவில்லை. மழையில் ஜீப்புக்கு அடியில் படுத்து எதையோ முறுக்கிக்கொண்டே இருந்தார். கூப்பிட்டதற்குக் காலை மட்டும் ஆட்டினார்.

அந்த ஜீப்பால்தான் எல்லாம். போன ஐப்பசியில் வினோத் லீவுக்கு வந்தபோது, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற வேலையெல்லாம் இனி வேண்டாம், அந்த வண்டியை விற்றுவிட்டு வீட்டில் இருங்கள் என்றான். இவருக்கு வந்ததே கோபம். "எங்கையில சோறு தின்னவன் எனக்குப் புத்தி சொல்றியா? இனிமே எனக்குப் போன் பண்ணாத" என்றார். அவனும் அப்பன் பிள்ளைதானே. பண்ணவில்லை. எட்டு மாதம். என்னிடம் பேசும்போது மட்டும் "வண்டி ஓடுதா?" என்று கேட்பான். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்காத மாதிரி பீடி சுற்றிக்கொண்டிருப்பார். வீம்பு. இரண்டு பேருக்கும் ஒரே வீம்பு.

சுருளி இன்று சொன்னது: நர்ஸம்மா சொன்னாராம், இந்த நிலையிலும் காது கேட்கலாம், பேசுங்கள் என்று.

அதைக் கேட்டதிலிருந்து இவருக்கு ஒரே பேச்சு. "ஈஸ்வரி, நீ போயி உன் போனை அவன் காதுல வையி புள்ள. நான் ஒரு வார்த்த சொல்லணும். அம்புட்டுத்தேன்."

ஜூன் 12, வியாழன்

மழை கொஞ்சம் விட்டது. மூடுபனி. இன்று முழுக்க சிம்.

அங்கே போனால் நம்மூர் சிம்மில் பேச முடியாது, நெட்டும் ஓடாது. அதனால் சுருளி ஒரு ஈ-சிம் வாங்கி அனுப்பியிருக்கிறான். கையில் பிடிக்கிற சிம் இல்லை. ஒரு கியூஆர் கோடு. அதை போன் பார்த்தால் சிம் தானாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். என் போன் வினோத் போன லீவில் வாங்கி வந்தது, ஈ-சிம் எடுக்கும். "இவ்வளவு நல்ல போன் எனக்கு எதுக்குடா" என்று அன்று திட்டினேன்.

முதல் சிக்கல். கோடு என் போனுக்கே வந்திருக்கிறது. என் போனே என் போனை எப்படிப் பார்க்கும்? இவர் போனுக்கு அனுப்பி, அதை என் போனால் பார்த்தேன். இவர் போன் திரை ஜீப் கதவில் நசுங்கி உடைந்தது. விரிசல் சரியாகக் கோட்டின் குறுக்கே. பத்து முறை காட்டியும் எடுக்கவில்லை. இவர் சட்டை முனையால் திரையைத் துடைத்துத் துடைத்துக் காட்டினார். விரிசல் துடைத்தால் போகுமா.

பூப்பாறைக்கு இறங்கினேன். ஃபோட்டோஸ்டாட் கடை ஷீலா சேச்சி தாளில் அச்சு எடுத்துக் கொடுத்தார். "சாரமில்லை டீச்சரே, மோனு ஒன்னும் வராது" என்று மலையாளத்தில் தேற்றினார், மகனுக்கு ஒன்றும் ஆகாது என்று கையைப் பிடித்துக்கொண்டார். அங்கே நின்றே அழுதுவிட்டேன். ஃபோட்டோஸ்டாட் எடுக்க வந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இரண்டாவது சிக்கல். ஈ-சிம் உள்ளே வர நெட் வேண்டும். வீட்டில் நெட் எங்கே இருக்கிறது? ரேஷன் கடைத் திருப்பத்தில் போய் நின்றேன், குடையோடு. பாதி வந்து நின்றுவிட்டது. 'சேர்க்க முடியவில்லை.' ஒரு கோடு ஒரு தடவைதான் என்று சுருளி சொல்லியிருந்தான். அவனுக்குப் போன் பண்ணினால் எடுக்கவில்லை, வேலை நேரம். போனை அணைத்துப் போட்டேன். திரும்பவும் காட்டினேன். வந்துவிட்டது. 'சிம் 2' என்று ஒன்று கூடுதலாக. ரேஷன் கடைத் திண்டில் உட்கார்ந்துவிட்டேன்.

மாலையில் இரண்டு பேரும் அந்தத் திண்டுக்கே போனோம், சுருளி வாய்ஸ் அனுப்பினான். இவரும் பக்கத்தில் இருந்து பாதி கேட்டார், பாதியில் ஜீப்புக்கு ஆள் வந்து எழுந்து போய்விட்டார். நான் முழுக்கக் கேட்டு எழுதிக்கொண்டேன்:

1. ஈ-சிம் உள்ளே வந்ததா ✓
2. அதற்குப் பெயர் 'மலேசியா' ✓
3. இறங்கியதும் நெட்டுக்கு 'மலேசியா'வைத் தேர்வு செய்ய
4. இறங்கியதும் நம்மூர் சிம்மை அணைக்க
5. நம்மூர் சிம், ரோமிங் ஆஃப் (ஆன் என்றால் காசைப் பிடுங்கிவிடும்) ✓
6. மலேசியா சிம், ரோமிங் ஆன் (இது இல்லாமல் நெட் வராது) ✓
7. கோடு அச்சடித்த தாள், பையில் ✓
8. ஈ-சிம்மை எக்காரணம் கொண்டும் அழிக்கக் கூடாது. அழித்தால் திரும்ப வராது. மூன்று தடவை சொன்னான்.

ஐந்தையும் ஆறையும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத்தான் டிக் போட்டேன். ஒன்றுக்கு ஆஃப், ஒன்றுக்கு ஆன். குழப்பமான வேலை.

ராத்திரி அடுப்படியில் சத்தம் கேட்டது. இவர் தனியாக நின்று பேசிப் பார்க்கிறார். "டேய் வினோத்து..." என்றார். நிறுத்தினார். திரும்பவும் "டேய் வினோத்து..." அதற்கு மேல் வரவில்லை. நான் இந்தப் பக்கம் துணி மடிக்கிற மாதிரி நின்றேன்.

ஜூன் 13, வெள்ளி. நெடும்பாசேரி

விமான நிலையத்துக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் நேரம் இருக்கிறது.

காலை பதினோரு மணிக்கு ஜீப்பில் கிளம்பினோம். அக்கம்பக்கம் எல்லாரும் வந்து நின்றார்கள். பையில்: இரண்டு சேலை, வினோத்தின் நீலச் சட்டை, முருகன் கோயில் திருநீறு, தாள், நோட்டு.

தண்ணித்தொட்டி வளைவில் வண்டியை ஓரம் கட்டினார். வீட்டிலிருந்து பூப்பாறைக்கு இறங்கும்போதெல்லாம் அங்கே கட்டுவார். அந்த வளைவில் நம் டவர் போய் மலைக்கு அந்தப் பக்கத்து தமிழ்நாட்டு டவர் பிடித்துக்கொள்ளும். முன்னெல்லாம் அப்படிப் பிடித்தால் பேசாமலே காசு போகும். ஒரு தடவை நடு ரோட்டில் ஆக்சில் உடைந்து, ஆள்களோடு மழையில் நின்று, உதவிக்குக் கூப்பிட போனில் காசே இல்லாமல் போய், அன்றிலிருந்து இவருக்கு இது ஒரு வியாதி. இப்போதெல்லாம் இங்கே ரோமிங்குக்குக் காசு கிடையாது என்று ஊரே சொல்லியாயிற்று. கேட்க மாட்டார். அந்த வளைவு வந்தால் கை போனுக்குப் போகும்.

இன்றும் அவர் போனைப் பார்த்தார். பிறகு என் போனையும் வாங்கிப் பார்த்தார். நான் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். "எல்லாம் சரியா இருக்கு புள்ள, பயப்படாத" என்று பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார்.

அடிமாலியில் ஒரு டீ.

வாசலில் போலீஸ்காரர் இவரை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஆட்டிக் காட்டினார். அங்கே போனதும் கூப்பிடு என்று அர்த்தம். நானும் என் போனை ஆட்டினேன். ஐம்பத்தெட்டு வயசு மனுஷன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ்வளவு சின்னதாகத் தெரிந்தார்.

ஜூன் 14, சனி. மலேசியா

வினோத் போய்விட்டான். இந்த ஊர் நேரம் மதியம் 3.40.

எழுத முடியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு. சுருளியின் அறை

வினோத்தின் கட்டில். தலையணையில் அவன் எண்ணெய் வாசனை. உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்றை எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் எது முன்னால் எது பின்னால் என்று குழம்பிப்போகும்.

காலை ஏழரைக்கு இறங்கினேன். தாளை எடுத்து மூன்றாவது, நாலாவது இரண்டையும் செய்தேன். மலேசியா சிம்மில் டவர் முழுசாகக் காட்டுகிறது. நெட் இல்லை. வாட்ஸப் சுற்றிக்கொண்டே நிற்கிறது. விமான மோடு போட்டு எடுத்தேன். அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். நெட்வொர்க்கை நானே தேர்வு செய்து பார்த்தேன், நாலு பெயர் வந்தது, நாலையும் தொட்டேன். லிஸ்டை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தேன். டிக் போடாததை எல்லாம் பார்த்தேன். டிக் போட்டதைப் பார்க்கவில்லை. போட்டதுதானே என்று.

சுருளி ஒரு வாசலில், நான் ஒரு வாசலில். ஒன்றரை மணி நேரம். கடைசியில் தரை துடைக்கிற ஒரு தமிழ்ப் பெண்ணின் போனை வாங்கி அவனைக் கூப்பிட்டேன். விமான நிலையத்திலேயே இலவச வைஃபை இருக்கிறதாம். பிறகு சுருளி சொல்லித்தான் தெரியும்.

ஐசியுவில் பார்க்கிற நேரம் பன்னிரண்டரை முதல் ஒரு மணி வரை. வழியெல்லாம் வண்டி நெரிசல், போய்ச் சேரும்போது 12.40. உள்ளே ஒருவர்தான் போகலாம். சுருளி தன் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தான். நடையிலேயே இவரை வீடியோவில் பிடித்துவிட்டோம். இவர் வேட்டி, வெள்ளைச் சட்டை. ரேஷன் கடைத் திருப்பத்தில் குடையோடு நிற்கிறார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருக்கிறார். "எங்க அவென்?" என்றார். "இதோ போறேங்க" என்றேன்.

முதல் கதவு. படம் இருந்தது. இரண்டாவது கதவு எனக்குப் பின்னால் மூடியது. 'மறுபடி இணைக்கிறது' என்று வந்தது. அப்படியே நின்றது. சுருளியின் ஹாட்ஸ்பாட் அந்தக் கதவு வரைக்கும்தான்.

அவன் படுத்திருந்தான். முகம் வீங்கி, தலை முழுக்கக் கட்டு. கால் விரலைப் பார்த்துத்தான் என் பிள்ளை என்று உறுதி ஆனது. போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன். இணையும், இணையும் என்று. இருபது நிமிஷத்தில் பத்து நிமிஷம் அந்தத் திரையைப் பார்த்தே போய்விட்டது. பிறகு நானே பேசினேன். அம்மா வந்திருக்கேன் என்றேன். அப்பா உன்கூடப் பேசணும்னு நிக்கிறாருடா என்றேன். வேறு என்ன சொன்னேன், ஞாபகமில்லை.

நர்ஸம்மா வந்து தோளைத் தொட்டார். "அம்மா, நேரம் முடிஞ்சுருச்சு. அஞ்சு மணிக்கு மறுபடியும் வாங்க."

சுருளியின் போனையே உள்ளே கொண்டுபோயிருக்கலாம். அவனுக்கும் தோணவில்லை, எனக்கும் தோணவில்லை. நடையில் படம் அவ்வளவு தெளிவாக வந்ததே.

வெளியே வந்து சுருளியின் போனில் இவரிடம் சொன்னேன். அஞ்சு மணிக்கு விடுவாங்க, இந்தப் போனையே உள்ள கொண்டுபோறேன் என்று. "சரி புள்ள. நான் இங்கனயே நிக்கிறேன்" என்றார்.

மூன்றரைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். அஞ்சு மணி வரவே இல்லை.

இவரிடம் சுருளிதான் சொன்னான். நான் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும்.

இன்று காலை சுருளி என் போனை வாங்கிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். "அம்மா" என்றான். "ரோமிங் ஆஃப்ல இருக்கும்மா."

இல்லை என்றேன். நோட்டைத் திறந்து காட்டினேன். ஆறாவது, டிக். ரேஷன் கடைத் திண்டில் நானே பார்த்துப் பார்த்துப் போட்டது. அவன் பொத்தானைத் தள்ளினான். எண்ணிப் பத்து ஆகவில்லை. போன் அதிர ஆரம்பித்தது. இவரிடமிருந்து மூன்று வாய்ஸ். அவற்றுக்கு மேலே, நேற்று ஹாட்ஸ்பாட்டில் வந்து நான் கவனிக்காமல் விட்ட ஒன்று. எல்லாம் நேற்று அனுப்பியது, அந்த மூன்றும் நான் ஐசியுவிலிருந்து வெளியே வந்த பிறகு.

முதலாவது, நேற்று விடிந்ததும் அனுப்பியிருக்கிறார்: "வீட்டுக்கு வந்து சேந்துட்டேன் புள்ள. நீ எறங்கிருப்ப. நெட்டுப் போடப் பயப்படாத. தண்ணித்தொட்டி வளைவுல வச்சு உன் போன்ல ரோமிங்க ஆஃப் பண்ணிட்டேன். ரெண்டு சிம்முலயும். நீ பாட்டுக்கு ஆன்ல விட்டுருந்த. இனிமே காசு ஒன்னும் போகாது."

சுருளி முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் அவன் கையைப் பிடித்து, "இது உன்னோட என்னோட போகட்டும்டா. வினோத் மேல சத்தியம் பண்ணு" என்றேன். பண்ணினான்.

ஜூன் 16, திங்கள்

காகிதம், காகிதம், காகிதம். தூதரகம், போலீஸ், ஆஸ்பத்திரி. சுருளி ஓடினான், நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். புதன் விமானத்தில் அனுப்புவார்கள்.

மாலை நாலு மணிக்குப் பிணவறையில் பார்க்க விட்டார்கள். அங்கே இருந்தவரும் தமிழர். "பாருங்கம்மா, அவசரமில்ல" என்று வெளியே போய் நின்றார்.

நீலச் சட்டையைக் கொடுத்தேன். போட்டுவிடச் சொன்னேன். பிறகு போனை எடுத்து அவன் காதில் வைத்தேன். இவர் அவனுக்கென்று அனுப்பிய மற்ற மூன்று வாய்ஸ்களையும் போட்டேன். நெட் நன்றாக வந்தது. நாலு பாயிண்ட்.

"டேய் வினோத்து, அப்பா பேசுறேன்டா."

அடுத்தது: "வண்டிய வித்துருதேன்டா. நீ சொன்னது சரிதேன். எனக்கு இப்பல்லாம் ராவுல கண்ணு தெரியல. உங்கிட்டச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அதேன் கத்துனேன்."

மூன்றாவது: "எந்திரிச்சு வாடா. வந்து நீயே வித்துக் குடு."

எட்டு மாதமாக இவர் வாயில் நின்ற பேச்சு. மூன்றும் சேர்த்து ஒரு நிமிஷம் கூட வராது. இரண்டு தடவை போட்டேன். காது சில்லென்று இருந்தது.

ஜூன் 20, வெள்ளி. வீடு

நேற்று அடக்கம். மழை ஒரு மணி நேரம் விட்டது. லைன் முழுக்க வந்திருந்தது. மலையாளிகள், தமிழர்கள், தோட்டத்து முதலாளி வீட்டார், அங்கன்வாடியில் வினோத்தோடு படித்தவர்கள், ஷீலா சேச்சி. பெட்டியைத் திறந்ததும் இவர் குனிந்து, காதோரம் வாயை வைத்து ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு என்ன என்று தெரியும்.

இன்று காலை எல்லாரும் போன பிறகு கேட்டார். "ஆஸ்பத்திரியில என் குரல அவனுக்குப் போட்டியா?"

"போட்டேங்க."

"கேட்டானா?"

"கேட்டான்."

"எப்பிடிச் சொல்ற?"

"கண்ணோரம் தண்ணி வந்துச்சு."

"ம்" என்றார். பீடிக்கட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பற்ற வைக்காமல் அப்படியே வாயில் வைத்திருந்தார்.

பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். போட்டேன். காதில்தான் வைத்தேன். எந்த நாள் என்றுதான் சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

காற்று. ஏலச்செடி இரண்டு சாய்ந்துவிட்டது. துணி காயவில்லை. மத்தியானம் கஞ்சி ஊற்றி வைத்தேன். இவர் தன் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். விரிசல் விழுந்த அந்தத் திரை.

"புள்ள, ஒன்னு சொல்லுவேன். கோவிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அவனுக்குன்னு அனுப்புனது சனிக்கெழம முழுக்க ஒத்த டிக்குதேன் இருந்துச்சு. நான் ரேசன் கடத் திருப்பத்துல நின்னு பாத்துக்கிட்டேதேன் இருந்தேன். சுருளி சேதி சொன்ன பெறகும் நின்னேன், அஞ்சு மணி, ஆறு மணி. ஞாயித்துக்கெழம காலையிலதேன் ரெண்டாச்சு."

கரண்டி என் கையிலேயே இருந்தது.

"நீ எனக்காகச் சொன்ன. தெரியும். நீ சொன்னதே போதும்." கஞ்சியைக் கிண்டினார். "ஆனா ஏன் புள்ள நெட்டு வரல? அம்புட்டு வெவரமா அந்தப் பய சொல்லிக் குடுத்தான். நீயும் எழுதி எழுதிப் பாத்த. என்ன தப்பு பண்ணோம்?"

பண்ணோம் என்றார். நாம் என்ற கணக்கில் கேட்டார்.

எனக்கு வாய் வரை வந்துவிட்டது. கோபம்தான். அந்த நிமிஷம் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். உங்கள் பாழாய்ப்போன ரோமிங், உங்கள் பாழாய்ப்போன வளைவு என்று தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். தலையை நிமிர்த்தினார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஒரு வாரமாகச் சவரம் இல்லை.

"அந்த ஆஸ்பத்திரிச் செவுரு ரொம்பத் தடிமனுங்க. உள்ள யாருக்குமே டவர் வராது" என்றேன்.

"செவுத்தக் குத்தம் சொல்லி என்ன பண்ண" என்றார். கஞ்சியைக் குடித்தார். இத்தனை நாளில் இன்றுதான் முழுசாகக் குடித்தார்.

இந்த நோட்டு இனி வீட்டில் இருக்கக் கூடாது. இவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். நாளையிலிருந்து அங்கன்வாடி பீரோவில், எடைப் பதிவேட்டுக்கு அடியில்.

ஜூன் 29, ஞாயிறு

காரியம் முடிந்தது. சுருளி போன் பண்ணினான். இவர் ஸ்பீக்கரில் போட்டார். நான் பக்கத்தில் வந்து நின்றேன். "அப்பா, நல்லா இருங்கப்பா" என்று மட்டும் சொன்னான். நல்ல பிள்ளை.

என் போனில் ஒரு செய்தி. மலேசியா சிம்முக்கு நாள் முடிந்துவிட்டது. போன் செட்டிங்கில் போய்ப் பார்த்தேன். அழிக்கலாமா என்று ஒரு பொத்தான் நிற்கிறது. அழிக்கவில்லை. எட்டாவது வரி: எக்காரணம் கொண்டும் அழிக்கக் கூடாது.

ஜூலை 1, செவ்வாய்

அங்கன்வாடி. பதினொரு பிள்ளைகள். புதிதாக ஒருத்தி சேர்ந்திருக்கிறாள், அழுகை நிற்கவில்லை. தூக்கி வைத்துக்கொண்டேன். மத்தியானம் பீரோவைத் திறந்தபோது பழைய பதிவேடு ஒன்று கையில் வந்தது. வினோத் பெயர் இருக்கும். பார்க்கவில்லை. திரும்ப வைத்துவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

ஜீப்பை வாங்க போடியில் ஆள் கிடைத்திருக்கிறார். இவரே பேசி முடித்தார், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேற்று முழுக்க வண்டியைக் கழுவினார். சக்கரத்தைக் கூட.

இன்று வண்டியைக் கொண்டுபோய்க் கொடுக்க நானும் கூடப் போனேன். தனியாக விட மனசு வரவில்லை. திரும்ப பஸ்ஸில் வந்தோம். இப்போது அங்கன்வாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன், பிள்ளைகள் போய்விட்டார்கள்.

தண்ணித்தொட்டி வளைவில் வண்டியை ஓரம் கட்டினார். கடைசித் தடவை. எஞ்சினை அணைக்கவில்லை. தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டார். என் பக்கம் கையை நீட்டினார், பிறகு என்ன நினைத்தாரோ, இழுத்துக்கொண்டார்.

"உன்னதுல ரோமிங் ஆஃப்ல இருக்கா புள்ள?"

போனை எடுத்தேன். நம்மூர் சிம், ஆஃப். அதற்குக் கீழே மலேசியா. சுருளி அன்று தள்ளிவிட்ட அதே இடத்தில் பொத்தான். ஆன்.

"ஆஃப்தாங்க" என்றேன்.

"அப்பச் சரி" என்று கியர் போட்டார்.